இருந்து இளைப்பாற ஓரிடம்

வைகாசி மாதத்து வெயில். கிளிநொச்சி நகரில் ஓர் அலுவலகத்துக்கு நானும் மச்சாளும் ஒரு கடிதத்துக்காகப் போயிருந்தோம். "ஐயா வெளியிலே போயிட்டார். ரெண்டு மணிக்குப் பிறகு வாங்கோ அம்மா" என்றார்கள். அப்போது மணி பன்னிரண்டு. ஊருக்குப் போய்த் திரும்பிவர பஸ் இல்லை. இரண்டு மணித்தியாலம் எங்கேயாவது இருக்கவேண்டும்.

மச்சாளுக்கு 2009ஆம் ஆண்டு மாத்தளனில் எறிகணை விழுந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலோடு நடக்கிறார். வெயிலில் நடந்தால் வியர்த்து, கால் பொருந்துகிற இடம் உரஞ்சிப் புண்ணாகிவிடும். முதலில் ஒரு கடை விறாந்தையில் நின்றோம். "என்ன எடுக்கப் போறியள்?" என்று கடைக்காரர் இரண்டாம் முறை கேட்டதும் இறங்கிவிட்டோம். பஸ் நிலையத்து வாங்குகளில் இடமில்லை. கோவிலுக்குப் போனோம், மத்தியானப் பூசை முடிந்து கதவு சாத்தியாயிற்று. கடைசியில் வீதியோர மரமொன்றின் கீழே மதகுக் கட்டில் இருந்தோம். மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பெடியள் திரும்பி வந்து, வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெரிந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன பிள்ளையள், ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். என்றாலும், ஒரு பெண் வெளியிலே இருந்தால் ஆரையாவது பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும் என்பது அவருடைய மனதிலும் படிந்திருக்கிறது.

பொய்க்காலைச் சற்றுத் தளர்த்திவிடவேண்டும் என்றார் மச்சாள். நான் சீலைத் தலைப்பை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். அப்போதுதான் அவர் சொன்னார்: "மச்சாள், இந்த ரவுணிலே எங்களுக்கு வரிசையிலே நிக்க இடமிருக்கு. சும்மா இருக்கத்தான் ஒரு இடமில்லை."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூங்கா இருந்த இடம்

கிளிநொச்சி மிகப் பழைய நகரமல்ல. இரணைமடுக் குளத்தை 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்தார்கள். யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்தைக் குறைக்க 1936இல் இங்கே குடியேற்றத் திட்டம் தொடங்கியது. வயலுக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் ஏறி இறங்கும் இடமாக, கண்டி வீதியின் இரு பக்கமும் நகரம் நீண்டு வளர்ந்தது.

அந்தக் கண்டி வீதியில் சந்திரன் பூங்கா என்று ஓர் இடம் இருந்தது. பழைய சனத்தின் வாயில் அந்தப் பெயர் இன்னும் வரும். 2009 ஜனவரியில் இராணுவம் நகரைக் கைப்பற்றியது. போர் முடிந்தபின் பூங்கா இருந்த இடத்தில் வெற்றி நினைவுச்சின்னம் எழுந்தது. பெரியதொரு சீமெந்துக் கட்டி, அதைத் துளைத்து நிற்கும் எறிகணை, உச்சியில் மலர்ந்த தாமரை. தெற்கிலிருந்து வந்த பஸ்கள் அங்கே நின்றன. ஆட்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். போரில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியையும் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்வைக்கு வைத்திருந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் அவற்றைக் கடந்து பஸ்ஸில் போனோம்.

யார் வென்றார், யார் தோற்றார் என்ற வழக்கை இங்கே எடுக்க நான் வரவில்லை. எறிகணையால் காலை இழந்த ஒருத்தி, எறிகணைக்குச் சிலை வைத்த இடத்தில் இருந்து இளைப்பாற முடியுமா? அது மட்டுமே என் கேள்வி.

வவுனியாவில் வேறொரு விதமான பாடம் கிடைத்தது. அங்கே வவுனியாக் குளத்தின் ஒரு பகுதியில் மண் நிரப்பிப் பொழுதுபோக்கு இடம் அமைத்தபோது, குளம் சுருங்குகிறது என்று விவசாயிகளும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயம். குளத்தை நம்பி வாழ்கிற நாட்டில் குளத்தைத் தின்று பூங்கா வளரக்கூடாது. குளத்தைப் பார்த்துக்கொண்டு, அதன் எல்லைக்கு வெளியே, மருத மர நிழலில் இருக்கிற பூங்காதான் வன்னிக்குப் பொருந்தும்.

எங்கள் பழைய முற்றங்கள்

பூங்கா என்ற சொல் புதிதாக இருந்தாலும், கூடியிருக்கும் இடம் எங்களுக்குப் புதிதல்ல. ஆண்களுக்குச் சந்தியும் வாசிகசாலையும் இருந்தன. பெண்களுக்குக் கிணற்றடி இருந்தது. கோவில் வீதி இருந்தது. பொங்கல், திருவிழா என்றால் பாயையும் சோற்றுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு முழுக் குடும்பமும் போகும். முல்லைத்தீவுப் பக்கத்தில் முல்லைமோடி ஆட்டத்தில் கோவலன் கூத்து விடியவிடிய நடக்கும். பிள்ளைகள் மடியில் நித்திரையாகிவிடுவார்கள். அந்த இரவுகளில் "ஏன் வந்தாய், ஆரைப் பார்க்கிறாய்" என்று ஒருவரும் எந்தப் பெண்ணையும் கேட்டதில்லை.

இடப்பெயர்வுகள் அந்த வழக்கங்களைக் குலைத்தன. கூத்தாடிய அண்ணாவிமார் சிலர் இல்லை. மத்தளமும் உடுப்பும் எங்கெங்கோ கைவிடப்பட்டன. மீளக் குடியேறியபோது வீட்டுக்கு வீடு கிணறு வந்தது நல்லதுதான். ஆனால் நாலு பெண்கள் சேர்ந்து நின்று கதைக்கும் கிணற்றடி இல்லாமல் போயிற்று. கணவர் இல்லாத வீட்டில் மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் காலையில்தான் திறக்கிறோம்.

மண்ணில் கீறிய பூங்கா

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் மச்சாள் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "நகரத்திலே ஒரு பூங்கா வந்தால் அதிலே உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி ஈர்க்கை எடுத்து முற்றத்து மண்ணில் கீறத் தொடங்கினார். பொச்சு மட்டைகள் மரங்களாயின. சிரட்டைகள் வாங்குகளாயின.

"வாசல் ரெண்டு வேணும்" என்றார் ஒரு தங்கச்சி. "ஒரு வாசலிலே வேண்டாத ஆள் நிண்டால் மற்ற வாசலாலே போகலாம்." எந்தக் கட்டடக் கலைஞரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. சுற்றிவர உயரச் சுவர் வேண்டாம், வீதியில் போகிறவருக்கு உள்ளே தெரியவேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அழகுக்கென்று வைக்கும் பற்றைகள் முழங்கால் உயரத்துக்கு மேல் வளரக்கூடாது. மரங்களின் தாழ்ந்த கொப்புகளை வெட்டிவிடவேண்டும். நிழல் தலைக்கு மேலே இருக்கவேண்டும், கண்ணை மறைக்கக்கூடாது.

நான் தேடி வாசித்த ஒரு விடயத்தை அப்போது சொன்னேன். அமெரிக்காவில் நியூயோர்க் நகரின் நடுவே பிறயன்ற் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. 1970களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகி, சாதாரண சனம் போகப் பயந்தது. வில்லியம் வைற் என்ற ஆய்வாளர் அதைக் கவனித்துப் பார்த்தார். வீதியிலிருந்து பூங்காவை மறைத்த வேலிச் செடிகளும், வாசல்கள் போதாமையுமே கெட்டவர்களுக்கு வசதியாயின என்றார். செடிகளை அகற்றி, வாசல்களைத் திறந்து, தூக்கி வைக்கக்கூடிய கதிரைகளைப் போட்டு, 1992இல் மறுபடி திறந்தார்கள். இன்று அங்கே நிறையச் சனம். ஒரு பொது இடம் நல்லதா கெட்டதா என்று அறிய, அங்கே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். பெண்கள் குறைந்தால் அந்த இடத்தில் ஏதோ பிழை இருக்கிறது.

ஒஸ்ரியாவின் வியன்னா நகரம் 1990களில் இன்னொன்றைக் கண்டது. ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைந்துவிடுகிறது. நடுத் திடலைப் பந்தடிக்கும் பெடியள் பிடித்துக்கொள்ள, பெண்பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் விலகிவிடுகிறார்கள். ஆகவே இரண்டு பூங்காக்களில் பெரிய திடலைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்தார்கள். நடைபாதைகள் போட்டார்கள், கரப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் விட்டார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இதைக் கேட்டதும் ஒரு தாய், "என்ரை மகள் வலைப்பந்து விளையாடினவள். இப்ப வீட்டுக்குள்ளேதான்" என்றார். உடனே மண்ணில் ஒரு மூலையில் வலைப்பந்துக்கு ஒரு சதுரம் கீறினோம்.

மச்சாள் வாங்குகளைப் பற்றிச் சொன்னார். "பதிஞ்ச வாங்கிலே இருந்தால் என்னாலே எழும்ப ஏலாது. ஒண்டரை அடி உயரம் வேணும், சாய ஒரு முதுகு வேணும், ஊன்றி எழும்பக் கைபிடி வேணும்." பாதையில் மணல் போட்டால் பொய்க்காலும் சக்கர நாற்காலியும் புதையும், கிரவல் போட்டு இறுக்கி உருட்டவேண்டும். படி இருக்கிற இடமெல்லாம் சரிவும் இருக்கவேண்டும். ஓர் அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது பொதுவான கணக்கு. இது யாரும் தருகிற தயவு அல்ல. மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்கும் போய்வர வசதி செய்யவேண்டும் என்று 2006ஆம் ஆண்டே நாட்டில் ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன.

பிறகு மலசலகூடம். இதைப் பற்றிக் கதைக்கும்போதுதான் கூட்டத்தில் சத்தம் கூடியது. தண்ணீரும் உள்பக்கப் பூட்டும் வேண்டும். மாதவிடாய்த் துணியோ பாடோ மாற்றவும் போடவும் வசதி வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவான அறை வேண்டும். மலசலகூடம் இல்லாத பூங்காவில் ஒரு பெண் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கமாட்டாள். நகரத்துக்கு வருகிற நாளில் தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்கள் எங்களில் எத்தனை பேர்!

அழவும் ஆடவும்

ஆட்டம் பாட்டுக்கு ஒரு மேடை வேண்டும் என்று இளம்பிள்ளைகள் சொன்னபோது, அதுவரை பேசாமல் இருந்த ஓர் அம்மா எழும்பினார். மகனைத் தேடுகிறவர் அவர். "ஆட்டமும் பாட்டும் எங்களுக்கு என்னத்துக்கு? பிள்ளையள் எங்கே எண்டு தெரியாமல் நாங்கள் இருக்க, நீங்கள் மேளம் அடிக்கப் போறியளோ?" என்றார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். வெயிலிலும் மழையிலும் கொட்டகையில் இருந்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். இந்த மண்ணில் பெண்கள் நீண்ட காலம் வெளியிலே இருந்த இடம் எதுவென்றால், அந்தப் போராட்டப் பந்தல்தான். அதை நினைத்தால் மேளச் சத்தம் யாருக்குத்தான் இனிக்கும்?

முள்ளியவளையிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருக்கிற ஆச்சி ஒருவர்தான் மெல்லப் பேசினார். "பிள்ளை, நான் சின்னனிலே கோவலன் கூத்துப் பாக்கப் போனது சிரிக்கவோ? கண்ணகி தலையை விரிச்சுக்கொண்டு வரேக்கை, களரியைச் சுத்தி இருந்த பொம்பிளையள் எல்லாரும் அழுவினம். அண்டைக்குப் புருசன் செத்தவளும் அழுவாள், பத்து வருசத்துக்கு முந்திச் செத்தவளும் அழுவாள். ஏன் அழுறாய் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். இப்ப நாங்கள் எல்லாரும் தனித்தனியக் கதவைப் பூட்டிப்போட்டு அழுறம்."

அந்த அம்மா ஆச்சிக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப சரி. ஆனால் ஒரு மூலையிலே சத்தமில்லாமல் இருக்க எனக்கும் இடம் விடுங்கோ. ஒரு விளக்கு வைக்க இடம் விடுங்கோ" என்றார். மண்ணில் கிழக்கு மூலையில் ஒரு வேப்பமரத்தை வைத்து அதை அவருக்குக் கொடுத்தோம்.

வற்றாப்பளைக் கதை எல்லோருக்கும் தெரியும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, ஒரு கிழவியாக மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் வந்து பசிக்கிறது என்றாளாம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் நீரில் விளக்கேற்றச் சொன்னாளாம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் முள்ளியவளை காட்டு விநாயகர் கோவிலில் உப்பு நீரில் விளக்கெரிகிறது. கோபத்தோடும் துயரத்தோடும் வந்த ஒரு பெண்ணுக்கு இந்த மண் முதலில் கொடுத்தது இருக்க ஓர் இடமும் ஒரு பிடி சோறும்தான்.

களரி எப்படி இருக்கவேண்டும்

எங்கள் பூங்காவில் உயர்ந்த சீமெந்து மேடை வேண்டாம் என்று முடிவெடுத்தோம். உயர்ந்த மேடை வெயிலில் கொதிக்கும். விழா நாளில் பிரமுகர்கள் மேலே இருப்பார்கள், நாங்கள் கீழே இருப்போம். கூத்துக்கு வேண்டியது வட்டக் களரி. ஓர் அடி உயரத்துக்கு மண்ணை இறுக்கி, இருபத்தைந்து, முப்பது அடி அகலத்தில் வட்டமாக அமைத்தால் போதும். சுற்றிவரப் பாய் விரித்து இருக்கலாம். கார்த்திகை, மார்கழி மழைக்குத் தண்ணீர் வழிந்தோட வாய்க்கால் அவசியம். 2018 மார்கழி வெள்ளத்தை மறந்தவர் யார்?

நாடகம் போன்று ஒரு பக்கம் பார்த்து ஆடுகிறவற்றுக்கு ஆடுகிறவர்கள் தெற்கே நின்று வடக்கைப் பார்ப்பது நல்லது. அப்போது பின்னேர வெயில் யாருடைய கண்ணிலும் நேரே அடிக்காது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் குரலையும் சனத்தின் பக்கம் கொண்டுவரும். மேற்குப் பக்கம் புளி, இலுப்பை, மருது நட்டால் வெயிலும் புழுதியும் குறையும். மரம் நிழல் தரச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை கிடுகுப் பந்தல் போதும். இருக்கிற மரத்தை மட்டும் வெட்டவேண்டாம்.

இன்னொன்றையும் எழுதிவைத்தோம்: வெடி கொளுத்தக்கூடாது, பெரிய ஒலிபெருக்கி வேண்டாம். வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் மேசைக்குக் கீழே ஒளிகிற பெரியவர்கள் எங்களிடம் உண்டு. சென்னையில் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் பிள்ளைகள் ஒலிபெருக்கி இல்லாமலே கச்சேரி செய்கிறார்கள். பக்கத்தில் இருந்து காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதே சென்னையில் 2007இல் தொடங்கிய சங்கமம் விழா, பறையையும் கரகத்தையும் தெருக்கூத்தையும் கிராமங்களிலிருந்து நகரத்துப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. இடையில் நின்றுபோய் 2023இல் மறுபடி தொடங்கினார்கள். பூங்காவே அரங்கமானால் மண்டப வாடகை இல்லை, வாசலில் சீட்டும் இல்லை. எங்கள் களரியில் கோவலனும் காத்தவராயனும் ஆடட்டும். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் காமன் கூத்தும் ஆடட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கும்மியும் நடக்கட்டும்.

யார் பார்த்துக்கொள்வது?

திறப்பு விழாவோடு முடிந்துபோன பூங்காக்களைப் பார்த்திருக்கிறோம். ஆறாம் மாதம் ஊஞ்சல் அறும். ஓராண்டில் விளக்கு எரியாது. பிறகு பூட்டுப் போடுவார்கள். ஆகவே கட்டுவதற்குக் கேட்கிறபோதே பராமரிப்புக்கும் கேட்கவேண்டும். உள்ளே பெண்கள் நடத்தும் ஒரு தேநீர்க் கடை இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். வடமாகாணத்தில் அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் சமைத்து விற்று வருமானம் பெறுவதை அறிவீர்கள். கடையில் இரண்டு பெண்கள் இருந்தால் பூங்காவுக்குக் கண் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி பஸ் போகும்வரை பாதை விளக்குகளும் எரியவேண்டும்.

பூங்காக்கள் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பில் வருபவை. ஒவ்வொரு ஆண்டும் முடியுமுன் சபைகள் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைத் தயாரிக்கின்றன. ஐப்பசி மாதத்துக்குள் சங்கங்கள் எழுத்தில் கோரிக்கை கொடுத்தால் அது பேசப்பட வாய்ப்புண்டு. 2018 தேர்தலிலிருந்து உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெண் உறுப்பினர்களிடம் முதலில் போங்கள். ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தையும் செலவையும் கேட்டுப் பெறலாம். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அதற்கு முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். நகரத்துக்குப் போகிற நாளில் ஏதாவது ஒரு பொது இடத்தில் அரை மணித்தியாலம் இருந்து, எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கையும் கோரிக்கையோடு வையுங்கள்.

அன்று முற்றத்தில் கீறியதை நாங்கள் அழியவிடவில்லை. ஒரு தங்கச்சி மகளின் கொப்பியில் அதைப் பார்த்துக் கீறி எடுத்தார். இரண்டு வாசல், வலைப்பந்துச் சதுரம், வட்டக் களரி, கிழக்கு மூலையில் வேப்பமரம், அதன் கீழே ஒரு விளக்கு. மச்சாள் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, களரிக்குப் பக்கத்தில் கைபிடியோடு ஒரு வாங்கைத் தானே கீறினார்.

"இது ஆருக்கு மச்சாள்?" என்று கேட்டேன்.

"ஆருக்கும் இல்லை. ரெண்டு மணி வரைக்கும் இருக்கிறவைக்கு" என்றார்.

கொப்பியோடு வருகிற மாதம் சபைக்குப் போகிறோம். உங்கள் ஊரிலும் ஓர் ஈர்க்கும் கொஞ்ச முற்றமும் இருக்கும். நீங்களும் கீறுங்கள்.